கர்னல் சி. கே. நாயுடு

இந்தியாவின் பெயரால் ஓர் அணி முதன்முதலாக டெஸ்ட் பந்தயம் ஆடியது 1932-இல்தான். அவ்வணியை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்ற தலைவர் போர்பந்தர் மகாராஜா. அவருக்கு ஆட்டத்தில் இருந்த சாமர்த்தியம் சொற்பமே. எனினும், சமஸ்தானாதிபதி ஒருவர் கூட இருக்கையில் சாமானியர் ஒருவர் தலைமை வகிப்பது அந்நாளில் எண்ணிப் பார்க்கவும் கூடாத காரியமாக இருந்தது. அப்படியிருந்தும், ஜூன் 25-ஆம் தேதி லார்ட்ஸ் மைதானத்தில் ஆட்டம் தொடங்கியபோது, மகாராஜா தாமாகவே ஒதுங்கிக்கொண்டு, நாகபுரியில் பிறந்து இந்தூர் ஹோல்கார் சமஸ்தானத்தின் ஆதரவில் இருந்த நாயுடுவிடம் தலைமையை ஒப்புவித்தார். தம் தகுதியின் எல்லையைத் தாமே அறிந்திருப்பது அரச வம்சத்தினரிடம் அபூர்வமான குணம் அல்லவா?

நாயுடுவின் கீர்த்திக்கு வித்திட்டது, 1926-இல் பம்பாய் ஜிம்கானா மைதானத்தில், இங்கிலாந்திலிருந்து வந்த கில்லிகனின் எம்.சி.சி. அணிக்கு எதிராக ஹிந்துக்கள் அணிக்கு ஆடிய அவர், இரண்டு மணி நேரத்துக்குள் பதினொரு சிக்ஸர்களோடு அடித்த 153 ரன்கள். 1932 லார்ட்ஸ் டெஸ்டிலோ, நமது பந்து வீச்சாளர் நிஸ்ஸாரின் வேகத்தால் இங்கிலாந்து 19 ரன்களுக்குள் மூன்று விக்கெட்டுகளை இழந்து தத்தளித்தது. காட்ச் பிடிக்கப் போய்க் கையில் காயம்பட்டும் நாயுடு எடுத்த 40 ரன்களே முதல் இன்னிங்ஸில் இந்தியாவின் அதிகபட்சம். ஆட்டம் 158 ரன் வித்தியாசத்தில் தோல்வியில் முடிந்தது. 1933-34-இல் ஜார்டின் தலைமையில் இங்கிலாந்து அணி இங்கு வந்தபோதும், நமது சேப்பாக்கம் உட்பட மூன்று டெஸ்டுகளிலும் தலைமை அவருடையதே.

1936-இல் இந்திய அணி மீண்டும் இங்கிலாந்து சென்றபோது நிலைமை தலைகீழாயிற்று. தலைவர் பதவி விஜயநகரம் மகாராஜகுமாரருக்குப் போயிற்று. மூன்று டெஸ்டுகளிலும் சேர்த்து அவர் எடுத்தவை 33 ரன்கள்! போர்பந்தராருக்கு இருந்த விவேகம் இவருக்கு வாய்க்கவில்லை என்பதே நமது அபிப்பிராயம். அவர் கீழ் சாதாரண ஆட்டக்காரராக ஆடிய நாயுடு, ஓவல் மைதானத்தில் இங்கிலாந்தின் ஆலன் வீசிய பந்து நெஞ்சின் கீழ் பலமாகத் தாக்கியும், வெளியேற மறுத்து நின்று 81 ரன்கள் சேர்த்தார். அதுவே அவருடைய கடைசி டெஸ்ட்.

ஆனால் ஆட்டத்தை அவர் விடவில்லை. ஹோல்கார் அணியை ரஞ்சிக் கோப்பை வெற்றிகளுக்கு நடத்திச் சென்ற பின்னர், 1956-57 பருவத்தில், பேரன்மாரோடு திண்ணையில் அமர்ந்திருக்க வேண்டிய 61-ஆம் பிராயத்தில், உத்தரப் பிரதேசத்துக்காக ரஞ்சி ஆட்டத்தில் இறங்கி 52 ரன்கள் எடுத்தார்.