கதவில் ஒட்டிய தாள்

காக்கி உடுப்பில் யார் தெருவுக்குள் நுழைந்தாலும் எங்கள் அப்பாயி, "அமீனாவா பாருடா" என்பாள். பெரும்பாலும் தபால்காரராகத்தான் இருப்பார்.

மாயவரத்துக்குக் கிழக்கே அவள் பிறந்த வீட்டில் 1938 வாக்கில் மூணு மா நிலம் போனது. ஏறக்குறைய ஒரு ஏக்கர். அவளுடைய அப்பா நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கு போயிருந்தார். கடன் கொடுத்தவர் பிராது போட்டார். சம்மனோடு வந்த ஆள் வாசலில் நின்று, "ஆம்பளைங்க யாரும் இல்லையா?" என்று கேட்டாராம். இல்லை. கதவில் தாளை ஒட்டிவிட்டுப் போய்விட்டார். அதை ஆடு தின்றது என்பாள் அப்பாயி. மழையில் கரைந்தது என்பாள் அவள் தங்கச்சி. (சம்மன் கொண்டுவருபவர் கோர்ட்டுச் சேவகர், ஜப்திக்கு வருபவர்தான் அமீனா. ஊருக்கு இரண்டு பேரும் அமீனாதான்.)

"எங்க ஆத்தா நிக்கிறா, அவ கையில குடுத்தா என்ன?" சாகும்வரை கேட்டாள். அது அந்த ஆளின் திமிர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சட்டத்தைப் படித்த பிறகு அவர்மேல் இருந்த கோபம் போய்விட்டது. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம், ஐந்தாம் கட்டளை, 15ஆவது விதி: பிரதிவாதி கிடைக்காவிட்டால் அவரோடு குடியிருக்கும் வயதுவந்த ஆண் ஒருவரிடம் சம்மனைக் கொடுக்கலாம். ஆண். அப்படி வாங்க ஒருவரும் இல்லையென்றால் வெளிக்கதவில் ஒட்டு என்கிறது 17ஆவது விதி. ஆண்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய், பெண்கள் வயலையும் வட்டியையும் பார்த்துக்கொண்ட டெல்டாவில், எதிரே நிற்கும் பெண்ணைவிடக் கதவுக்குத்தான் சட்டத்தில் மதிப்பு. "ஆணோ பெண்ணோ" என்று அந்த விதியைத் திருத்தியது 1976இல். அமலுக்கு வந்தது அடுத்த வருஷம்.

ஆனால் ஒட்டியதோடு கதை முடியாது. யார் வீட்டை அடையாளம் காட்டினார், யார் முன்னால் ஒட்டினார் என்று சேவகர் எழுதித் தரவேண்டும். அதைப் பிரமாணத்தோடு தரவில்லையென்றால் நீதிமன்றம் அவரைக் கூண்டில் ஏற்றி விசாரித்தே ஆகவேண்டும். இன்னொன்றும் உண்டு. பிரதிவாதி வெளிநாட்டில் குடியிருந்து, இங்கே அவருக்கு ஏஜெண்டும் இல்லையென்றால், சம்மனை அங்கே தபாலில் அனுப்பவேண்டும். அதுவும் அதே கட்டளையில்தான் இருக்கிறது, 25ஆவது விதி. பினாங்குக்குத் தபால் போகாதா என்ன? ஊரில் எல்லாருக்கும் அவர் எங்கே என்று தெரியும்; வட்டிக்காரருக்கு நன்றாகவே தெரியும்.

எக்ஸ்பார்ட்டி டிக்ரி ஆனது. வீட்டுக்கு அது தெரிந்தது தமுக்குச் சத்தத்தில். நிலத்தை ஜப்தி செய்யும்போது தமுக்கடித்து அறிவிக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. சம்மனுக்கு அந்தச் சத்தம் கிடையாது.

இதே மாயவரத்தில் முன்சீப்பாக இருந்தவர் வேதநாயகம் பிள்ளை. 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதியவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். நாவலுக்கு 17 வருஷம் முன்னாலேயே, 1862இல், சதர் கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழில் திரட்டி 'சித்தாந்த சங்கிரகம்' என்று அச்சிட்டார். தமிழர் வழக்கைத் தமிழர் முன்னால் இங்கிலீஷில் நடத்தும் கூத்தை நாவலிலும் விடவில்லை. எனக்கு நாவலைவிட அந்தச் சங்கிரகம்தான் பெரிய காரியமாகப் படுகிறது. ஏன் என்பதற்கு எங்கள் வீட்டுக் கதையே போதும்.

தமுக்கடித்த பிறகு என் கொள்ளுப்பாட்டி, கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து ஒரு வக்கீல் குமாஸ்தாவைப் பார்த்திருக்கிறாள். "டிக்ரி ஆகி முப்பது நாள் தாண்டிடுச்சும்மா, ஒண்ணும் பண்ணமுடியாது" என்றாராம். முப்பது நாள் என்பது சரி. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சம்மன் முறையாகச் சேரவில்லையென்றால், டிக்ரி நாளிலிருந்து அல்ல, மனுப்போடுபவருக்கு டிக்ரி பற்றித் தெரிந்த நாளிலிருந்து எண்ணவேண்டும். 1908 காலவரையறைச் சட்டத்தில் 164ஆவது பிரிவாக இருந்தது, 1963 சட்டத்தில் 123ஆவது பிரிவாக இன்றும் இருக்கிறது. அதை வைத்து ஒன்பதாம் கட்டளை 13ஆவது விதியில் மனுப்போட்டிருக்கலாம்.

இந்த விதியை ஏமாற்றவும் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மைதான். சேவகரைக் கண்டதும் கொல்லைப்புறமாகப் போய்விட்டு, நாலு வருஷம் கழித்துத் "தெரியவே தெரியாது" என்பவர்கள் உண்டு. விசாரணை நாள் தெரிந்திருந்தவர், சார்வு செய்ததில் சின்னக் குறை இருந்தது என்பதை மட்டும் காட்டி டிக்ரியை ரத்து செய்யமுடியாது என்று 1976 திருத்தம் சேர்த்தது அவர்களுக்காகத்தான்.

என் கொள்ளுத்தாத்தா அந்த ரகம் இல்லை. அவருக்கு விஷயம் தெரிந்தது, சம்சாரம் எழுதச் சொல்லிப் போட்ட கடிதம் பினாங்குக்குப் போய்ச் சேர்ந்த அன்றைக்கு. என் கணக்குப்படி அவருடைய முப்பது நாளில் முதல் நாளே அப்போதுதான். அவர் பதில் எழுதினார். நிலம் போனது போகட்டும், சங்கிலியை முதலில் மீட்டுவிடு என்று எழுதி, கூடவே பணமும் அனுப்பியிருந்தாராம்.