வளர்பிறையும் பந்தயப் புறாவும்

ஐரோப்பாவில் பந்தயப் புறா வளர்ப்பவர்களிடையே ஒரு நம்பிக்கை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. வளர்பிறையில் ஜோடி சேர்க்க வேண்டும். குஞ்சும் வளர்பிறையில் பொரிய வேண்டும். அப்படிப் பிறந்த பறவையே பந்தயத்தில் முந்தும் என்பார்கள். தேய்பிறைக் குஞ்சு வலுவற்றது என்று அதை ஒதுக்கிவிடுவோரும் உண்டு. ஒரு பறவையின் கதியையே முடிவு செய்யும் இந்த நம்பிக்கைக்கு அடிப்படை என்ன? வரலாற்றையும் கணக்கையும் சேர்த்துப் பார்ப்போம்.

அடைவைக்க நிலவைப் பார்க்கும் வழக்கம் மிகப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானிய வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லா, கோழி முட்டைகளை வளர்பிறையின் 10-ஆம் நாள் முதல் 15-ஆம் நாளுக்குள் அடைவைக்கச் சொன்னார். குஞ்சு வெளிவரும்போது மீண்டும் வளர்பிறையாக இருக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். கோழி முட்டை பொரிய 21 நாட்கள் ஆகும். எண்ணிப் பாருங்கள், கணக்குச் சரியாக வரும். அச்சிட்ட நாட்காட்டி இல்லாத காலத்தில் குடியானவனுக்கு வானத்து நிலவே நாட்காட்டி அல்லவா?

19-ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தில் புறாப் பந்தயம் பெரிதும் பரவியது. புறாக்களை ரயிலில் பிரான்சுக்கு அனுப்பி, அங்கே திறந்துவிட்டு, அவை கூடு திரும்பும் நேரத்தைக் குறித்தார்கள். அந்த நூற்றாண்டில் நிலவைப் பற்றிய சிந்தனை குடியானவர்களோடு நின்றுவிடவில்லை. பரிணாமக் கொள்கையை வகுத்த சார்லஸ் டார்வினும் அதில் ஈடுபட்டார். அவர் 1855-இல் தம் வீட்டிலேயே புறா வளர்க்கத் தொடங்கியவர்.

முதுகெலும்புள்ள உயிர்களின் மூதாதைகள் கடற்கரையில், ஓதத்தின் ஏற்ற இறக்கத்துக்கு உட்பட்டு வாழ்ந்திருக்கலாம். அதனால்தான் பல உயிர்ச் செயல்கள் வாரக் கணக்கில் அமைகின்றன என்று அவர் ஊகித்தார். மனிதனின் தோற்றம் பற்றிய தம் நூலின் 1874-ஆம் ஆண்டுப் பதிப்பில், இன்னொருவர் எழுதியதிலிருந்து ஒரு பட்டியலையும் சான்றாகத் தந்தார். முட்டை பொரிய புறாவுக்கு 2 வாரம், கோழிக்கு 3, வாத்துக்கு 4 என்பது அந்தப் பட்டியல். ஆனால் புறா முட்டை பொரிய 17 அல்லது 18 நாட்கள் ஆகும்! பட்டியலின் முதல் வரியே பொருந்தவில்லை.

நிலவின் கணக்கில் இயங்கும் உயிர்களே இல்லை என்று இதற்குப் பொருளன்று. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில், ஆண்டில் ஒரு பருவத்தில், முழுநிலவுக்குப் பின்வரும் சில இரவுகளில் பலவகைப் பவள உயிர்கள் ஒரே சமயத்தில் முட்டைகளை நீரில் விடுகின்றன. 1984-இல் விஞ்ஞானிகள் இதை விரிவாக வெளியிட்டனர்.

அப்படியானால் புறாவின் சங்கதி என்ன? ஜோடி சேர்த்த 8 முதல் 10 நாட்களில் பெட்டை முதல் முட்டையை இடும். ஏறக்குறைய 2 நாள் கழித்து இரண்டாவது முட்டை. அதன்பின் 17, 18 நாட்களில் குஞ்சு. கூட்டினால் 27 முதல் 30 நாட்கள் வரும். அமாவாசை முதல் அடுத்த அமாவாசை வரை உள்ள காலமோ ஏறத்தாழ 29½ நாட்கள். இந்தப் பொருத்தத்தைக் கவனித்தீர்களா? வளர்பிறையின் நடுவில் ஜோடி சேர்த்தவர், அடுத்த வளர்பிறையில் குஞ்சைக் காண்பார். நிலவே குஞ்சை அழைத்து வந்ததுபோல் அவருக்குத் தோன்றும். உண்மையில் நிலவு அங்கே கடிகாரம் மட்டுமே. கடிகாரம் பன்னிரண்டு அடிப்பதாலா நண்பகல் ஆகிறது?

புறாவின் இனப்பெருக்கத்தோடு தொடர்புள்ள ஒளி வேறு. 1920-களில் கனடாவில் வில்லியம் ரோவன் என்னும் விஞ்ஞானி, ஜுங்கோ என்ற சிறு பறவைகளைக் கடுங்குளிரில் திறந்தவெளிக் கூண்டுகளில் வைத்து, மின்விளக்கால் பகலைச் சிறிது சிறிதாக நீட்டினார். குளிர்காலத்திலேயே அவற்றின் இனப்பெருக்க உறுப்புகள் வசந்த காலத்தில்போல் வளர்ந்தன. இன்று குளிர்காலத்தில் ஜோடி சேர்க்கும் புறா வளர்ப்போர் கூட்டில் விளக்கேற்றிப் பகலை நீட்டுவதும் இதனால்தான். முழுநிலவின் ஒளியோ சூரிய ஒளியில் ஏறத்தாழ 4 லட்சத்தில் ஒரு பங்குதான்.

நம்பிக்கை நிலைப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. எல்லா ஜோடிகளையும் வளர்பிறையிலேயே சேர்ப்பவரின் கூட்டில், வெற்றி பெறும் பறவையும் வளர்பிறைக் குஞ்சாகத்தான் இருக்கும். தோற்றுத் திரும்பும் பறவையும் வளர்பிறைக் குஞ்சுதான். ஆனால் வென்றதைப் பற்றியே ஊர் பேசும்.

இதைச் சோதிக்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். புறா வளர்ப்போர் குறிப்பேட்டில் குஞ்சு பொரித்த தேதியை எழுதி வைக்கிறார்கள். ஒரே தரமான ஜோடிகளில் பாதியை வளர்பிறையிலும் பாதியைத் தேய்பிறையிலும் சேர்த்து, அடுத்த முறை மாற்றிச் சேர்த்து, ஒரே தீனி கொடுத்து, எந்தக் குஞ்சையும் கழிக்காமல் சில ஆண்டுகள் பறக்கவிட வேண்டும். வென்றவை, தோற்றவை, திரும்பி வராதவை ஆகிய மூன்றையும் எண்ண வேண்டும். தேய்பிறையில் பிறந்தது என்பதற்காகப் பறக்கும் முன்பே ஒதுக்கப்பட்ட குஞ்சு தன் திறமையைக் காட்ட, இதைவிட நேர்மையான வழி இல்லை.