விளக்குகள் போன வீடு

கலிபோர்னியாவின் பசடேனா நகரில், ஓக் நால் பகுதியில், 1907-ல் உருவானது பிளாக்கர் வீடு. கட்டச் சொன்ன ராபர்ட் பிளாக்கர் மிச்சிகனில் மர வியாபாரத்தில் பொருள் சேர்த்தவர். நல்ல மரம் எது என்று அவருக்குத் தெரியும். வடிவமைத்தவர்கள் சார்லஸ் கிரீன், ஹென்றி கிரீன் என்ற அண்ணன் தம்பி. கைவேலையைக் கொண்டாடிய கிராஃப்ட்ஸ்மன் பாணியில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை.

தச்சு வேலையைப் பீட்டர் ஹாலும், மேசை நாற்காலிகளை அவருடைய சகோதரர் ஜான் ஹாலும், வண்ணக் கண்ணாடியை எமில் லாங்கேயும் பார்த்துக்கொண்டார்கள். திருகாணி இறங்கிய இடத்தையெல்லாம் சின்னச் சதுரக் கருங்காலிக் கட்டைகள் மூடின. அவற்றின் விளிம்பைத் தடவினால்கூடக் கை வழுக்கிப் போகும். தோட்டத்துக் குளத்தின் அல்லி, வரவேற்பறைச் சுவரின் மேல்விளிம்பில் பொன்பூச்சாக மலர்ந்தது. மகாகனிச் சட்டமும் வண்ணக் கண்ணாடியுமாக விளக்குகளும் அந்தந்த அறைக்கென்றே செய்யப்பட்டன.

பிளாக்கருக்குப் பின் அவர் மனைவியும் காலமானார். 1940-களின் பிற்பகுதியில் தோட்டம் மனைகளாகப் பிரிந்தது, மேசை நாற்காலிகள் விலைபோயின. ஆனாலும் விளக்குகள் தங்கள் இடத்திலேயே இருந்தன.

1985-ல் வீட்டை வாங்கிய டெக்சாஸ்காரர் நாற்பதுக்கும் மேற்பட்ட விளக்குகளையும் வண்ணக் கண்ணாடிகள் சிலவற்றையும் கழற்றி விற்க எடுத்துச் சென்றார். சொத்து அவருடையது, தடுக்கச் சட்டம் இல்லை. கிரீன் சகோதரர்களின் விளக்கு ஒன்றே பெருந்தொகைக்குப் போகும் காலம் அது. பிரித்து விற்றால்தான் லாபம் என்றால் எந்த வீடும் மிஞ்சாது.

ஊர் கொதித்தது. நகர மன்றம் அவசரச் சட்டம் கொண்டுவந்தது: கிரீன் சகோதரர்கள் கட்டிய வீடுகளில் பதித்த பொருள்களை இனி அனுமதியின்றிக் கழற்றக் கூடாது. 1986-ல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டிலும் வீடு இடம்பெற்றது. ஆனால் அந்தப் பெருமை தனியார் உரிமையாளரின் கையைக் கட்டாது. ஊர்ச் சட்டம்தான் கட்டும்.

விளக்குகள் சிதறிப் போய்விட்டன. 1994-ல் வந்த புதிய உரிமையாளர்கள் பழைய வடிவிலேயே விளக்குகளைப் புதிதாகச் செய்வித்து வீட்டைச் சீரமைத்தார்கள். வீடு கட்டிய காலத்துத் தரத்தில் வேலை செய்யும் கைகள் அப்போதும் அந்த வட்டாரத்தில் இருந்தன. வீடு என்றால் சுவரும் கூரையும் மட்டுமல்ல, அதற்கென்று செய்த விளக்கும் வீடுதான் என்பதைப் பசடேனா பறிகொடுத்துத்தான் கற்றுக்கொண்டது. மற்ற ஊர்கள் பறிகொடுக்கும் முன்பே அதைச் சட்டமாக்கிக்கொள்ள வேண்டும்.