நான்கு மீட்டர் கார்கள்

நான்கு மீட்டர் கார்கள் என்பவை, நீளத்தில் 4,000 மி.மீட்டரைத் தாண்டாமல் இந்தியச் சந்தைக்காகத் தயாரிக்கப்படும் சிறிய பயணிகள் கார்கள். பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்கும் டீசல் எஞ்சின் 1,500 சிசிக்கும் மிகாமல் இருந்தால் இவற்றுக்கு வரி குறைவு. மாருதி ஸ்விஃப்ட், டிசையர், வேகன் ஆர், ஹூண்டாய் ஐ20, எக்ஸ்டர், டாடா டியாகோ, பஞ்ச், நெக்ஸான், நிசான் மேக்னைட் ஆகியவை இவ்வகையின் அறியப்பட்ட மாடல்கள். நீளமும் எஞ்சினும் வரியால் ஏறக்குறைய ஒன்றுபோல ஆகிவிட்டதால், மீதமுள்ள வேறுபாடுகளை வைத்தே இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

வரலாறு

1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800, 796 சிசி எஞ்சினுடன் இந்திய நடுத்தர வர்க்கத்தின் முதல் காராக நிலைபெற்றது. 1998இல் ஹூண்டாய் சான்ட்ரோவும் டாடா இண்டிகாவும் அதற்குப் போட்டியாக வந்தன. சான்ட்ரோ ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தயாரானது. சென்னைப் புறநகர் கார் உற்பத்தி மையமாக வளர்ந்ததில் அந்த ஆலைக்குப் பெரும் பங்குண்டு.

2006 மத்திய பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைத்தார். நான்கு மீட்டர் வரம்பு பிறந்தது அப்போதுதான். அதன்பின் கார்களின் வடிவமே வரம்புக்கு ஏற்ப மாறியது. 2008இல் டாடா இண்டிகோ சிஎஸ், டிக்கி குறுக்கப்பட்ட செடானாக வந்தது. 4,160 மி.மீ. நீளமிருந்த டிசையர், 2012இல் 3,995 மி.மீட்டருக்குச் சுருங்கியது. மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட் 2013இல் இதே அளவுக்குள் எஸ்யுவி தோற்றத்தைக் கொண்டுவந்தது.

2017இல் ஜிஎஸ்டி வந்தபோதும் இந்த வரம்பு தொடர்ந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் வரம்புக்கு உட்பட்ட பெட்ரோல், சிஎன்ஜி, டீசல் கார்களுக்கு 18 விழுக்காடும், அதைத் தாண்டும் கார்களுக்கு 40 விழுக்காடும் வரி விதிக்கப்படுகிறது. சலுகை பெற நீளம், எஞ்சின் ஆகிய இரண்டு நிபந்தனைகளும் பொருந்த வேண்டும். மாருதி பிரெஸ்ஸா நான்கு மீட்டருக்குள் அடங்கினாலும் அதன் பெட்ரோல் எஞ்சின் 1,462 சிசி என்பதால் சலுகைக்கு வெளியே நிற்கிறது.

உடல் வடிவங்கள்

ஹேட்ச்பேக், செடான், எஸ்யுவி என மூன்று வடிவங்கள் இவ்வகையில் உண்டு. 2024இல் வந்த புதிய ஸ்விஃப்ட் ஹேட்ச்பேக்குக்கும் டிசையர் செடானுக்கும் எஞ்சினும் அச்சு இடைவெளியும் ஒன்றே. செடானின் பின்புறம் 135 மி.மீ. கூடுதலாக நீண்டிருப்பதால், ஸ்விஃப்ட்டில் 265 லிட்டராக உள்ள டிக்கி டிசையரில் 382 லிட்டராகிறது. ஊருக்குப் பெட்டி படுக்கையோடு போகும் குடும்பத்துக்கு டிசையர் தோதானது. குறுகிய தெருவில் நிறுத்துபவருக்கு ஸ்விஃப்ட். எஸ்யுவி வடிவத்தில் தரை இடைவெளி அதிகம் என்பதால் வேகத்தடையிலும் மேடுபள்ளத்திலும் அடி தட்டாது. இருக்கை உயரமாக இருப்பதால் முதியவர்கள் ஏறி இறங்கவும் எளிது. ஆனால் எஸ்யுவி என்ற பெயரைப் பார்த்து உள்ளே இடம் அதிகம் என்று கருதிவிட முடியாது. நீள வரம்பு அதற்கும் பொதுதான்.

எரிபொருளும் கியரும்

2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 புகை மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபோது, டீசல் எஞ்சினைத் தரம் உயர்த்தும் செலவு சிறிய கார்களின் விலைக்குக் கட்டுப்படியாகவில்லை. மாருதி டீசலை முற்றாகக் கைவிட்டது. அந்த இடத்தை சிஎன்ஜி பெருமளவு பிடித்துக்கொண்டது. சிஎன்ஜி காரில் தினசரி ஓட்டம் கூடக்கூடச் சேமிப்பும் கூடும். ஆனால் வாயு உருளை டிக்கியை அடைத்துக்கொள்ளும். டாடா ஒரு பெரிய உருளைக்குப் பதில் இரண்டு சிறியவற்றை டிக்கித் தரையின் கீழ் பொருத்தி இந்தக் குறையைக் குறைத்தது. வீட்டுக்கு அருகில் சிஎன்ஜி பங்க் இல்லையென்றால் கணக்கு மாறிவிடும்.

2014இல் மாருதி செலேரியோவுடன் வந்த ஏஎம்டி எனும் தானியங்கி கியர், கிளட்ச் மிதிக்கும் வேலையைக் குறைந்த செலவில் நீக்கியது. கியர் மாறும்போது சிறு தயக்கம் தெரியும். சிவிடி, டார்க் கன்வெர்ட்டர் எனும் மற்ற தானியங்கி வகைகள் சீராக ஓடும், விலையும் கூடும்.

பாதுகாப்பு

2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு ஆல்டோ 800, நானோ, ஃபிகோ, ஐ10, போலோ ஆகியவற்றின் ஏர்பேக் இல்லாத வடிவங்களை மோதிச் சோதித்தது. ஐந்துக்கும் பூஜ்ய நட்சத்திரமே கிடைத்தது. ஏர்பேக் உள்ள போலோ நான்கு நட்சத்திரம் பெற்றது. 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் பெற்றபின், பாதுகாப்பு விளம்பரப் பொருளாகவே ஆனது. 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் இந்தியாவிலேயே இச்சோதனையை நடத்துகிறது. பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அது தனித்தனி நட்சத்திரம் தருகிறது. ஏர்பேக்கின் எண்ணிக்கை மட்டும் போதாது. மோதலில் உடற்கூடு உருக்குலையாமல் நிற்க வேண்டும். குளோபல் என்கேப் சோதனை முடிவில் அதுவும் குறிப்பிடப்படும் என்பதால் இரண்டையும் சேர்த்தே பார்ப்பது வழக்கம்.

விலைக் கணக்கு

விளம்பரத்தில் வருவது எக்ஸ்-ஷோரூம் விலை. அதுவும் பெரும்பாலும் பேஸ் மாடலுக்கானது. சாலை வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு சேர்ந்ததே ஆன்-ரோடு விலை. சாலை வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தமிழ்நாட்டில் காரின் விலை ஏற ஏற வரி விகிதமும் ஏறும். ஆகவே ஒரு காரின் டாப் மாடலுக்கும் அடுத்த பெரிய காரின் பேஸ் மாடலுக்கும் இடையே ஊசலாடுபவர்கள், ஆன்-ரோடு விலையோடு சர்வீஸ் மையத்தின் தொலைவு, உதிரிபாக விலை, மறுவிற்பனை மதிப்பு ஆகியவற்றையும் ஒப்பிடுவர். ஒரே வரம்புக்குள் கட்டப்பட்ட கார்கள் என்பதால், வாங்கும் நாளைவிட அடுத்த ஐந்தாறு ஆண்டுப் பராமரிப்பில்தான் இவற்றின் விலை வேறுபாடு அதிகம் வெளிப்படுகிறது.