சந்திரபாபு, ஜே. பி.

சந்திரபாபு, ஜே. பி. (1927–1974): தமிழ்த் திரைப்பட நகைச்சுவை நடிகர், பாடகர், நடனக் கலைஞர், இயக்குநர். தூத்துக்குடியில் பரதவர் குலக் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் ஆகஸ்ட் மாதம் பிறந்தார். இயற்பெயர் ஜோசப் பனிமயதாஸ் ரோட்ரிக்ஸ்.

தூத்துக்குடியை உள்ளடக்கிய முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களில் போர்த்துக்கீசியரால் திருமுழுக்குப் பெற்றனர். பெர்னாண்டோ, ரோட்ரிக்ஸ் போன்ற போர்த்துக்கீசியக் குடும்பப் பெயர்கள் அப்போதிலிருந்து அந்தக் கடற்கரையில் வழங்குகின்றன. பனிமயதாஸ் என்பது தூத்துக்குடியின் பனிமய மாதாவை ஒட்டி இட்ட பெயர். மாதாவின் திருவிழா ஆகஸ்ட் 5ஆம் நாள். பரதவர் தம்மைச் சந்திரகுலத்தார் என்று சொல்லிக்கொள்வர். வீட்டில் 'பாபு' என்று அழைக்கப்பட்டவர் குலப்பெயரை முன்னே சேர்த்துச் சந்திரபாபு ஆனார்.

தந்தை ரோட்ரிக்ஸ் விடுதலைப் போராட்ட வீரர். 'சுதந்திர வீரன்' என்ற இதழை நடத்தினார். 1929இல் ஆங்கில அரசு இதழைப் பறிமுதல் செய்து அவரையும் சிறையிலிட்டது. பின்னர் குடும்பம் கொழும்புக்குச் செல்ல நேர்ந்தது. தூத்துக்குடிப் பரதவருக்குக் கொழும்பு அயலூர் அன்று. கப்பலும் வணிகமும் உறவும் இரு துறைகளையும் நெடுங்காலம் இணைத்திருந்தன. கொழும்பில் புனித சூசையப்பர் கல்லூரியில் சந்திரபாபு படித்தார். அவருடைய கலைக்கு வேர் இந்த நகரமே. கோவில் பாடற்குழுவும் மேலைநாட்டு இசைத்தட்டும் ஆங்கிலப் படமும் கலந்து ஒலித்த துறைமுகம் அது. அவரது பாட்டை வெறும் 'மேல்நாட்டுப் பாணி' என்று ஒதுக்கிய விமர்சகர்கள் இந்தப் பின்புலத்தைக் கணக்கில் கொள்ளவில்லை.

1943இல் குடும்பம் தமிழகம் திரும்பிச் சென்னைத் திருவல்லிக்கேணியில் குடியேறியது. தந்தை 'தினமணி' நாளிதழில் சேர்ந்தார். 'மணிக்கொடி' இதழின் எழுத்தாளர் பி. எஸ். ராமையா தாம் இயக்கிய 'தன அமராவதி' (1947) படத்தில் சந்திரபாபுவுக்கு முதல் வாய்ப்பைத் தந்தார். அடுத்த சில ஆண்டுகள் வறுமையில் கழிந்தன. 1952இல் ஜெமினி ஸ்டூடியோவில் வாய்ப்புக் கிட்டாமல் தற்கொலைக்கு முயன்று கைதானார். ஜெமினி அதிபர் எஸ். எஸ். வாசன் மனம் மாறி, அதே ஆண்டில் வெளிவந்த 'மூன்று பிள்ளைக'ளில் அவருக்கு இடம் அளித்தார்.

'பெண்' (1954) படத்தில் எஸ். பாலசந்தருக்குக் குரல் கொடுத்ததிலிருந்து பாடகராகவும் கவனம் பெற்றார். குரலை அடித்தொண்டையிலிருந்து சட்டென்று உச்சிக்குத் தாவவிட்டு மீட்கும் யோடலிங் முறையைத் தமிழ்ப் பாட்டில் நிலைநிறுத்தியவர் அவரே. 'புதையல்' (1957), 'மரகதம்' (1959), 'அன்னை' (1962) ஆகிய படங்களில் அவர் பாடியவை இன்றும் வானொலியில் ஒலிக்கின்றன. படத்தை மறந்தவர்களும் பாட்டை மறக்கவில்லை. உடலை வளைத்து, விழுந்து, எழுந்து ஆடிய ஆட்டம் அவருக்கு முந்திய நகைச்சுவை நடிகர்களிடம் அரிது.

'சபாஷ் மீனா' (1958) அவரது உச்சம். சிவாஜி கணேசனுடன் நடித்த அப்படத்தில் இரட்டை வேடம். ரிக்ஷாக்காரராக அவர் பேசிய சென்னைத் தமிழைக் கேட்டால் கொழும்பில் வளர்ந்தவர் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். ஏவி.எம்மின் 'சகோதரி' (1959) முடிந்தபின் படம் சோபிக்காது என்று கண்டு, பால்காரர் பாத்திரமொன்றைப் புகுத்தி அவரிடம் ஒப்படைத்தனர், படம் ஓடியது. கண்ணதாசன் தயாரித்த 'கவலை இல்லாத மனிதன்' (1960), அடுத்து 'குமார ராஜா' (1961) ஆகியவற்றில் நாயகனானார். நாயக வேடம் அவருக்குப் பொருந்தவில்லை.

எம். ஜி. ஆரை நாயகனாக்கி அவர் தொடங்கிய 'மாடி வீட்டு ஏழை' பாதியில் நின்றது வீழ்ச்சிக்கு ஒரு காரணம். அதனால் கடன் சூழ்ந்தது. ஆயினும் 'பறக்கும் பாவை' (1966), 'அடிமைப் பெண்' (1969) ஆகிய எம். ஜி. ஆர். படங்களில் பின்னரும் நடித்தார். எழுதி இயக்கி நடித்த 'தட்டுங்கள் திறக்கப்படும்' (1966) விவிலியத் தொடரைத் தலைப்பாகக் கொண்டது, அது தோல்வியடைந்தது. 1958இல் நடந்த திருமணமும் நிலைக்கவில்லை. குடி உடலைக் கெடுத்தது. 1974 மார்ச் 8 அன்று சென்னையில் காலமானார். உடல் குவிபிள் தீவுக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

'சபாஷ் மீனா' இந்தியில் 'தில் தேரா தீவானா' (1962) ஆனபோது அவர் வேடத்தை மெஹ்மூத் ஏற்றார். 'உள்ளத்தை அள்ளித்தா' (1996) படத்திலும் அதன் சாயல் உண்டு.