புயல் வானத்தை ஒரே படத்தில் அடக்குவது எப்படி? (த்ரெட்)

1/ புயலுக்கு முந்தின கருமேகத்தை கேமராவில் எடுத்தவங்களுக்குத் தெரியும். மேகம் சரியா வந்தா கீழே ஊர் இருட்டாயிடும். ஊர் தெரிஞ்சா வானம் வெறும் வெள்ளைத் தாள். கேமராவைத் திட்டாதீங்க. 170 வருஷப் பிரச்சனை இது.

2/ 1850களில் படம் எடுத்தது கண்ணாடித் தகட்டில். கொலோடியன் தடவி, வெள்ளி உப்புக் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் எடுத்துக் கழுவணும். அந்தத் தகடு நீல ஒளியை வேகமா பிடிக்கும். சிவப்பு கிட்டத்தட்ட பதியவே பதியாது. தரை பதியும்வரை காத்திருந்தா வானம் வெந்துபோயிடும். அந்தக் காலப் படங்கள் பலவற்றில் மேகமே இல்லாதது இதனாலதான்.

3/ குஸ்தாவ் லெ கிரே, ஓவியம் படித்த பிரெஞ்சுக்காரர். 1856–57ல் நார்மண்டியிலும் மத்தியதரைக் கடலோரத்திலும் படம் எடுத்தார். கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ். பிரிண்ட் போடும்போது தொடுவானக் கோட்டில் ரெண்டையும் சேர்த்தார். செத் ஊரில் எடுத்த 'பெரிய அலை' (1857) அப்படி வந்ததுதான்.

4/ ஒரே வானத்தை வேற வேற கடல் படங்களுக்கும் அவர் பயன்படுத்தியிருக்கார். இதை மனசுல வெச்சுக்கோங்க.

5/ அமெரிக்காவின் ஆன்சல் ஆடம்ஸ் ரூட்டே வேற. 1940 வாக்கில் ஃப்ரெட் ஆர்ச்சருடன் சேர்ந்து 'ஜோன் சிஸ்டம்' உருவாக்கினார். முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 10, மொத்தம் 11 படிகள். ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் ரெண்டு மடங்கு. நிழலில் விவரம் பதியுற அளவு எக்ஸ்போஷர் கொடுக்கணும். வெளிச்சப் பகுதி எரியாதபடி டெவலப் நேரத்தைக் குறைக்கணும். ஒரே நெகட்டிவ் போதும்.

6/ யோசெமிட்டி பள்ளத்தாக்கில் குளிர்காலப் புயல் விலகும்போது அவர் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. பிரிண்ட் போடும்போது சில இடங்களைக் கறுக்க விடுவது, சில இடங்களை வெளுக்க விடுவது அவருக்கு வழக்கம். நெகட்டிவ் இசைக்குறிப்பு, பிரிண்ட்தான் கச்சேரி என்பது அவர் பார்வை. பியானோ கலைஞராக வர நினைத்தவர் ஆச்சே!

7/ 1997ல் பால் டெபெவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும், வெவ்வேறு எக்ஸ்போஷரில் எடுத்த படங்களைக் கணக்குப் போட்டு ஒன்றாக்கும் முறையை வெளியிட்டாங்க. 2010ல் ஐபோனில் ஹெச்.டி.ஆர். வந்தது. லெ கிரே இருட்டறையில் பட்ட பாட்டை இப்போ போனே பார்த்துக்குது.

8/ "அப்போ எல்லாமே எடிட்டிங், எல்லாமே பொய்யா?" இல்லைங்க. சி.டி. ஸ்கேனை எடுத்துக்கோங்க. அதன் அளவுகோலில் காற்று −1000, தண்ணீர் 0, எலும்பு அதுக்கும் பல நூறு மேல. நுரையீரல் விண்டோவில் பார்த்தா இதயம் வெறும் வெள்ளை. விண்டோவை மாத்தினா இதயம் தெரியும், நுரையீரல் வெறும் கறுப்பு. ரெண்டையும் பார்த்துத்தான் ரிப்போர்ட் எழுதுறோம். அது பொய் இல்லை.

9/ ஆனா ஒருத்தர் ஸ்கேனில் இன்னொருத்தர் நுரையீரலை ஒட்டினா? மோசடி. லெ கிரேயோட கடன் வாங்கின வானம் சுவரில் மாட்டினா கலை. செய்தியா போட்டா பொய். கோடு அங்கதான் இருக்கு.

10/ புயல் வந்தாலே எங்கேயோ எடுத்த வானம் நம்ம ஊர் பேரில் வாட்ஸ்அப்பில் சுத்தும். நாலு தடவை ஏமாந்தவர், அஞ்சாவதா வர்ற உண்மையான எச்சரிக்கையையும் "ஃபார்வர்டுதான்"னு தள்ளிவிட்டு வீட்டிலேயே இருந்துட்டா உயிருக்கே ஆபத்து. அதனால "எடிட் பண்ணதா?"ன்னு மட்டும் கேட்காதீங்க. "இந்த வானமும் இந்தத் தரையும் ஒரே இடமா, ஒரே நேரமா?"ன்னு கேளுங்க. பதில் தெரியலைன்னா ஷேர் பண்ணாதீங்க.