மூக்கடைப்பும் மனச்சோர்வும்: கரமனைப் பகுதியை முன்வைத்து அக்குபஞ்சர் நுட்பம் குறித்து ஓர் ஆய்வு

உலகச் சுகாதார நிறுவனம் 2003இல் அக்குபஞ்சர் பற்றிய ஆய்வுத் தொகுப்பொன்றை வெளியிட்டது. கட்டுப்பாட்டு ஆய்வுகளால் பயன் நிறுவப்பட்டது என்று அது சொன்ன முதல் பட்டியலில் 28 நோய்நிலைகள் இருந்தன. ஒவ்வாமை மூக்கழற்சி, மனச்சோர்வு ஆகிய இரண்டும் அவற்றில் அடக்கம். சீன மருத்துவக் கோட்பாட்டின்படி இவை அடுத்தடுத்து நிற்பதில் வியப்பில்லை. உயிராற்றல் ஓட வேண்டிய வழியில் தேங்கினால் மூக்கு அடைக்கும், மனமும் கனக்கும்; தேக்கத்தை அவிழ்ப்பதே சிகிச்சை. ஒரே சிகிச்சையாளர் ஒரே அமர்வில் முகத்தில் இரண்டு ஊசியும் உச்சந்தலையில் ஒன்றும் இட்டு இரண்டையும் கவனிக்க முற்படுவது இதனால்தான். கோட்பாடு ஒன்றாகக் கட்டும் இவ்விரண்டையும் சிகிச்சை நுட்பமும் சான்றும் தெளிவாகப் பிரித்துக் காட்டுகின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம். மூக்கடைப்பில் ஊசிக்கென்று ஒரு வேலை உண்டு; அது சிறியது, ஆனால் அளந்து சொல்லக்கூடியது. மனச்சோர்வில் ஊசியின் தனிப் பங்கு அதைவிட ஐயத்துக்குரியது. அங்கே பெரும்பகுதி வேலையைச் செய்வது சிகிச்சைச் சந்திப்பு. ஆகவே இரண்டுக்கும் ஒரே உரிமையும் ஒரே பொறுப்பும் வழங்குவது சரியாகாது.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று என்பதைத் திருவனந்தபுரத்தின் தெற்கு முனை காட்டுகிறது. கரமனையிலிருந்து களியக்காவிளை நோக்கி இறங்கும் நெடுஞ்சாலை பழைய தென்திருவிதாங்கூரின் நடுவே செல்வது. 1956இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்த பின்னும், உடலின் உயிர்நிலைப் புள்ளிகளைக் கையாளும் வர்ம ஆசான்களின் மரபு எல்லைக்கோட்டின் இருபுறமும் தொடர்ந்தது. கரமனைக்கு அடுத்த பூஜப்புரையில் மத்திய சித்த ஆராய்ச்சிக் குழுமத்தின் மண்டல நிறுவனம் இயங்குகிறது. இதே சாலையில் சற்றுத் தெற்கே, நேமம் காரைக்காமண்டபத்தில், 2024 பிப்ரவரியில் வீட்டுப் பிரசவத்தின்போது தாயும் சேயும் இறந்தனர். கணவர் கைதானார், பின்னர் அக்குபஞ்சர் சிகிச்சையாளர் ஒருவரும் கைதானார். அது மூக்கடைப்பைப் பற்றியதோ மனச்சோர்வைப் பற்றியதோ அல்ல. குற்றம் யாருடையது என்பதும் நீதிமன்றத்தின் வேலை. ஆனால் ஒரு சிகிச்சை முறை எதைச் செய்யலாம், எங்கே கையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற கேள்வியை இந்தப் பகுதியில் இனி ஒத்திப்போட முடியாது.

முதலில் மூக்கு. அடைப்பு என்றதும் சளி என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது சளியன்று. மூக்கினுள்ளே உள்ள தடித்த சவ்வில் சிரைக் குழிகள் நிறைந்துள்ளன. அவற்றில் இரத்தம் நிறைந்து சவ்வு வீங்குவதே காற்றின் வழியைக் குறுக்குகிறது. அக்குழிகளைச் சுருக்கி வைப்பது பரிவு நரம்பின் வேலை. அக்குபஞ்சரில் பெரிதும் பயன்படும் புள்ளிகளில் ஒன்று யிங்சியாங், மூக்குச் சிறகின் ஓரத்தில் உள்ளது. பீதோங் அதற்குச் சற்று மேலே. சிகிச்சையாளர் மெல்லிய ஊசியை மூக்கெலும்பை நோக்கிச் சாய்வாக, ஆழமின்றி இடுகிறார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட ஹெகு புள்ளியில் செங்குத்தாக, ஆழமாக இட்டுத் திருகி, நோயாளிக்குக் கனமோ மதமதப்போ தோன்றும்வரை தூண்டுகிறார். அந்த உணர்வுக்குப் பெயர் தே சி. இருபது முப்பது நிமிடம் ஊசிகள் நிற்கும். முக்கிளை நரம்பின் இரண்டாம் கிளை பரவும் இடத்தில் தரும் இத்தூண்டல் பரிவு நரம்பை எழுப்பிச் சிரைக் குழிகளைச் சுருக்கக்கூடும் என்பது உயிராற்றல் கோட்பாட்டை நம்பாதவரும் ஏற்கக்கூடிய விளக்கம். காற்றோட்டத்தைக் கருவி வைத்து அளக்கலாம் என்பதால் சரிபார்க்கவும் முடிகிறது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: ஓடினாலும் மூக்கு திறக்கும். உடலை உசுப்பும் எதுவும் சற்று நேரம் இதைச் செய்யும். எனவே ஊசி இட்டவுடன் மூச்சு சீரானது என்பது புள்ளியின் சிறப்பை நிறுவாது.

அதனால்தான் பொய்ச்சிகிச்சையோடு ஒப்பிட்ட ஆய்வுகள் தேவைப்படுகின்றன. ஜெர்மனியில் பிரிங்க்ஹவுஸ் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், மகரந்த ஒவ்வாமை உள்ள 422 பேர் மூன்று பிரிவாயினர். ஒரு பிரிவினருக்கு முறையான ஊசி, இன்னொரு பிரிவினருக்குப் புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமான ஊசி, மூன்றாம் பிரிவினருக்குத் தேவைப்படும்போது செட்ரிசின் மாத்திரை மட்டும். முதல் இரு பிரிவினருக்கும் தேவைப்படும்போது மாத்திரை உண்டு. ஊசி 12 அமர்வுகள். எட்டு வார முடிவில் முறையான ஊசி பெற்றோர் மற்ற இரு பிரிவினரையும் விஞ்சினர். வேறுபாடு புள்ளியியல் நோக்கில் மெய், அளவில் சிறியது. நோயாளிக்கு அது எவ்வளவு பொருட்டு என்பது தெளிவில்லை என்று ஆய்வாளர்களே எழுதினர். பதினாறாம் வாரத்தில் வேறுபாடு மறைந்தது. இதிலிருந்து நேர்மையாகச் சொல்லத்தக்கது ஒன்றே: பருவத்தோடு வரும் மூக்கடைப்பில், மாத்திரையைக் குறைக்க விரும்புபவருக்குத் துணையாக அக்குபஞ்சரை வழங்கலாம். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2015 வழிகாட்டுதலில் இந்த அளவுக்குத்தான் இடம் தந்தது. பரிந்துரை அன்று, விருப்பத்தேர்வு.

மனச்சோர்வுக்கு வருவோம். உச்சந்தலையில் பைஹுயி, புருவ நடுவில் யின்தாங், மணிக்கட்டின் உட்புறம் நெய்குவான், காலில் தாய்சோங். ஊசிகள் பல, சில இடங்களில் அவற்றோடு மின்தூண்டல். ஆனால் நுட்பம் என்பது இந்த வரைபடமன்று. சிகிச்சையாளர் நாடி பார்க்கிறார், நாக்கைப் பார்க்கிறார், உறக்கம், பசி, மாதவிலக்கு, கோபம், குடும்பம் எல்லாவற்றையும் விசாரிக்கிறார். அரைமணி நேரம் அசையாமல் படுக்க வைக்கிறார். அடுத்த வாரமும் அதே நேரத்தில் வரச் சொல்கிறார். நம் நகர்களின் புறநோயாளர் பிரிவுகளில் எந்த மருத்துவராலும் தர முடியாத நேரம் இது. மூக்கடைப்பு வந்தவருக்கு இவை உபரி. மனம் தளர்ந்தவருக்கு இவையே சாரம். பிரிட்டனில் மெக்பெர்சன் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதை அறியாமலே காட்டிவிட்டது எனலாம். மனச்சோர்வுள்ள 755 பேர் அதில் கலந்துகொண்டனர். ஊசி பெற்றவர்களும் உளவளத்துணை பெற்றவர்களும், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட மூன்று மாதத்தில் தேறினர். ஊசிக்கும் உளவளத்துணைக்கும் இடையே சொல்லும்படியான வேறுபாடில்லை. அதில் பொய் ஊசிப் பிரிவு இல்லை. பொய் ஊசியோடு ஒப்பிட்ட ஆய்வுகளைக் கொக்ரேன் மதிப்பாய்வு 2018இல் சேர்த்துப் பார்த்தபோது வேறுபாடு ஹாமில்டன் மனச்சோர்வு அளவுகோலில் சுமார் 1.7 புள்ளியாகச் சுருங்கியது. மொத்தம் 64 ஆய்வுகள், 7104 பேர். சான்றின் தரம் குறைவு என்பது அவர்கள் தீர்ப்பு. ஊசியிலிருந்து சந்திப்பைக் கழித்தால் எஞ்சுவது இவ்வளவே.

இதற்கு வரும் மறுப்புகளில் வலிமையானது, பொய் ஊசி வெறுமையானதன்று என்பது. மேலோட்டமாகக் குத்தினாலும் தோலைத் தொட்டாலும் நரம்பு அறியும். ஆகவே ஒப்பீடு மெய் ஊசியின் பயனைக் குறைத்துக் காட்டுகிறது என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் இதை முழுதாக ஏற்றால் புள்ளி, ஆழம், தே சி எல்லாம் இரண்டாம் நிலைக்குத் தள்ளப்படுகின்றன. எங்கே தொட்டாலும் பயன் உண்டு என்றால் பல ஆண்டுக் கல்வி எதற்கு? தமிழகத்தில் பரவியுள்ள தொடுசிகிச்சைக்கு இது இன்னும் சங்கடமான கேள்வி. ஊசியே இல்லாமல், ஒரு புள்ளியில் விரல் வைத்து எடுக்கும் முறை அது. 1998இல் ஹைடல்பெர்க்கில் ஸ்ட்ரைட்பெர்கர் உருவாக்கிய, தோலைத் துளைக்காமல் தொட்டு நிற்கும் ஊசியைப் பல ஆய்வுகள் பொய்ச்சிகிச்சைக்காகவே பயன்படுத்தின. அதாவது ஆய்வுக்கூடம் போலி என்று ஒதுக்கிய செயலுக்கு மிக நெருங்கியதே தொடுசிகிச்சையின் முழு நுட்பம். அதைச் செய்பவர் ஊசி ஆய்வுகளின் முடிவை எடுத்துக்காட்டித் தம் முறைக்கு வலுச்சேர்க்க முடியாது.

இன்னொரு மறுப்பு மாத்திரையை நோக்கித் திரும்புகிறது. மனச்சோர்வு மருந்துகளும் பொய் மாத்திரையை ஏறத்தாழ அதே இரண்டு புள்ளியில்தானே விஞ்சுகின்றன? ஆம், 2008இல் கிர்ஷ் குழுவினர் கண்டது 1.8 புள்ளி. ஆனால் மருந்தின் சராசரிக்குப் பின்னால் இருக்கும் உறுதி வேறு: 2018இல் சிப்ரியானி குழுவினர் தொகுத்தவை 522 ஆய்வுகள், 1,16,477 பேர். உறுதியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பொறுப்பு. 2022இல் நாட்டின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு 12.4 ஆக இருந்தபோது கேரளத்தில் 28.5. இத்தகைய மாநிலத்தில் மனச்சோர்வோடு வருபவரிடம் தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்கத் தெரிவதும், உண்டென்றால் அன்றே உரிய இடத்துக்கு அனுப்புவதும் சிகிச்சையின் பகுதி. மூக்கடைப்பில் தவறினால் ஒருவர் சில நாள் வாயால் மூச்சு விடுவார். மறுபுறம், 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி மனச்சோர்வுள்ளவர்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை. மனநல மருத்துவரிடம் போகத் தயங்குபவர் ஊசிக்காரரிடம் தயக்கமின்றிப் போகிறார் என்றால் அந்த வாசலை அடைப்பது மூடத்தனம். அதை வழிகாட்டும் வாசலாக மாற்ற வேண்டும்.

சட்டம் இங்கே இடறுகிறது. மத்திய அரசு 2003இல் அக்குபஞ்சரைச் சிகிச்சை முறையாக அனுமதித்தது. 2019 பிப்ரவரியில் தனி முறையாக ஏற்றது. மேற்கு வங்கம் 1996இலும் மகாராஷ்டிரம் அதற்குப் பின்னும் தனிச் சட்டம் செய்தன. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமோ ஆயுர்வேதம், ஹோமியோபதி, யுனானி ஆகியவற்றில் உரிய முதுநிலைப் பட்டம் பெற்றவர்களோடு சித்தத்தில் சிறப்பு மருத்துவ முதுநிலையினரையும் மனநல வல்லுநராக ஏற்கிறது. அக்குபஞ்சர் அதில் இல்லை. ஆக, பூஜப்புரையின் சித்த மருத்துவர் ஒருவர் அந்தப் பட்டம் பெற்றிருந்தால் சட்டத்தின் கண்ணில் மனநல வல்லுநர். அடுத்த தெருவில் மனச்சோர்வுக்கு ஊசி இடுபவர் அல்லர். இந்த வேறுபாட்டைப் பாரபட்சம் என்று சொல்வதற்கில்லை. சிறப்பு மருத்துவம் வர்மத்தையும் மனநோயையும் ஒரே துறையில் கற்பிக்கிறது. நோயாளியைக் கவனிக்கும் பயிற்சி அதனுள் இருக்கிறது.

வர்மத்தைச் சுட்டி அக்குபஞ்சருக்கு உள்ளூர் வேர் காட்டுவோரும் உண்டு: புருவ நடுவின் திலர்த காலமே யின்தாங், உச்சியின் கொண்டைக்கொல்லியே பைஹுயி என்பர். இடம் பொருந்துகிறது, செயல் பொருந்தவில்லை. வர்ம ஆசான் விரலால் கால், அரை, முழு என்று மாத்திரை எனப்படும் அழுத்த அளவுக் கணக்கில் அழுத்துகிறார். அடிபட்ட வர்மத்துக்குக் காலக்கெடு சொல்லி, அடங்கல் என்னும் மீட்புப் புள்ளியைத் தூண்டி இளக்குகிறார். கெடு தாண்டினால் தம்மால் ஆகாது என்று ஒப்புக்கொள்ளும் இலக்கணமும் அந்த மரபில் உண்டு. கடன் வாங்கத்தக்கது புள்ளியின் இடமன்று, அந்தக் கெடு. மனச்சோர்வுக்கு வந்தவரிடம் முதல் அமர்விலேயே அளவுகோல் ஒன்றால் மதிப்பெண் குறிப்பது, எத்தனை அமர்வுக்குள் அது குறைய வேண்டும் என்று முன்கூட்டி எழுதுவது, குறையாவிட்டால் ஊளன்பாறை மனநல மையத்துக்கோ வேறு மனநல மருத்துவருக்கோ கடிதம் எழுதி அனுப்புவது, உண்ணும் மருந்தை நிறுத்தச் சொல்லாதிருப்பது ஆகியவற்றைக் கேரள அரசு உரிமத்தின் நிபந்தனையாக்கலாம். மூக்கடைப்புக்கு இவ்வளவு தேவையில்லை. எந்தப் புள்ளி, எவ்வளவு ஆழம், எத்தனை நிமிடம் என்ற பதிவு போதும். ஊசி ஒன்றாக இருந்தாலும் பதிவேடுகள் இரண்டாக இருக்க வேண்டும்.